அலமாரியும் சேர்ந்து பாடியது ஏன்? அதிர்வின் வழியைத் தேடிய சர் சி.வி. ராமன்

தென்காசி மாவட்டத்தில் சிவகிரிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கிற ஊர் ராயகிரி. அங்கே எனக்குத் தெரிந்த ஒரு வீடு உண்டு. வீட்டுக்காரருக்குப் பாட்டு என்றால் உயிர். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, நல்ல ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டு வாங்கினார். கூடத்தில் இருந்த மர அலமாரியின் தலையில் வைத்தார். கச்சேரி ஒன்றைப் போட்டார்.

பாட்டு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது! மிருதங்கத்தின் தொப்பியில் அடி விழும்போதெல்லாம் அலமாரி உறுமியது. உள்ளே இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தன. பாட்டியின் வெற்றிலைச் செல்லம் தானாக நகர்ந்தது. பெட்டியைத் திருப்பி வைத்தார்கள். கழற்றிப் பார்த்தார்கள். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. பிறகு கோளாறு எங்கே?

ஒரு பொருள் ஒலிக்கும்போது அதன் அதிர்வு எங்கே போகிறது? எதை எதையெல்லாம் பிடித்து ஆட்டுகிறது? கேள்வி சிறியதுபோலத் தோன்றும். ஆனால் இந்தக் கேள்விக்காகத் தம் இளமையைச் செலவிட்டார் ஒரு தமிழர். பகல் முழுவதும் சர்க்கார் கணக்குப் பார்த்துவிட்டு, இரவில் பிடிலோடு உட்கார்ந்தார். அதற்காகப் பெரிய உத்தியோகத்தையும் உதறினார்.

அவர்தான் சர் சி.வி. ராமன்.

ராமன் என்றதும் எல்லோருக்கும் நோபல் பரிசு நினைவுக்கு வரும். தலைப்பாகை நினைவுக்கு வரும். பரிசு கிடைத்தது ஒளி ஆராய்ச்சிக்கு. ஆனால் அவர் முதலில் பெயர் வாங்கியது ஒலியில்தான். அந்தக் கதை பலருக்குத் தெரியாது.

பிடில் வாசித்த தந்தை

திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள திருவானைக்காவலில் 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி ராமன் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர். தாய் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் ராமன் இரண்டாவது பிள்ளை.

தந்தை கல்லூரி ஆசிரியர். கணிதமும் பௌதிகமும் சொல்லிக் கொடுத்தார். ராமனுக்கு நான்கு வயது ஆகும்போது விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்து, குடும்பம் அங்கே போயிற்று. வீட்டில் புத்தகங்கள் நிறைய இருந்தன. பிடிலும் இருந்தது. தந்தை நன்றாக வாசிப்பார். ஒரு கையகல மரப்பெட்டியிலிருந்து அவ்வளவு பெரிய நாதம் எப்படி வருகிறது? அந்த ஆச்சரியம் பிள்ளையின் மனத்தில் அப்போதே விழுந்திருக்க வேண்டும்.

ராமன் படிப்பில் புலி. 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். முதல் இடம்! பௌதிகத்தில் தங்கப் பதக்கம்! அப்போது அவருக்கு 16 வயதுகூட நிறையவில்லை.

மேல் படிப்புக்குச் சீமைக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தது. டாக்டர் உடம்பைச் சோதித்தார். ஒல்லியான தேகம். இங்கிலாந்துக் குளிரைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். பயணம் நின்றது. பிற்காலத்தில் ராமன் இதைச் சொல்லி அந்த டாக்டருக்கு நன்றி பாராட்டுவது வழக்கம்.

சென்னையிலேயே எம்.ஏ. படித்தார். படிக்கும்போதே ஆராய்ச்சி செய்தார். 1906-ல், 18-வது வயதில், லண்டனிலிருந்து வெளிவந்த விஞ்ஞானப் பத்திரிகையில் அவருடைய முதல் கட்டுரை வெளியாயிற்று. ஒலி விஞ்ஞானத்தில் அந்நாளில் பெரும் புலவராக விளங்கிய ராலே பிரபுவுக்கு அவர் கடிதம் எழுதினார். பதில் வந்தது. மேல் விலாசத்தில் பேராசிரியர் ராமன் என்று எழுதியிருந்தது! எழுதியவர் மாணவர் என்று பிரபுவுக்குத் தோன்றவே இல்லை.

வீணையும் வேலையும்

1907-ல் இந்திய நிதித் துறைப் பரீட்சை எழுதினார். அதிலும் முதல் இடம். அதே ஆண்டு மே மாதம் லோகசுந்தரி அம்மாளை மணந்தார். ஒரு வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் பெண் வீணை வாசித்துக் கொண்டிருந்தாள். ராமன் கேட்டார். மனத்தில் முடிவு செய்துவிட்டார். இரு வீட்டாரும் பிராமணர்களே ஆனாலும் உட்பிரிவு வேறு. பெற்றோர் தயங்கினார்கள். ராமன் விடவில்லை. வரதட்சணை ஒரு காசு வாங்காமல் மணம் முடித்தார்.

அந்த ஆண்டே கல்கத்தாவில் உத்தியோகம். உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல் பதவி. படியெல்லாம் சேர்த்து மாதம் 400 ரூபாய். 1907-ல் 400 ரூபாய் என்றால் சாதாரணமா? 18 வயதுப் பையனுக்கு வாழ்க்கை முழுவதும் கவலை இல்லை.

அத்தோடு ஆராய்ச்சி முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

டிராம் வண்டியிலிருந்து பார்த்த பலகை

ஒரு நாள் டிராம் வண்டியில் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார். பௌபஜார் தெருவில் 210-ம் நம்பர் கட்டடத்தில் ஒரு பெயர்ப் பலகை கண்ணில் பட்டது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம்! மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-ல் ஊராரிடம் பணம் திரட்டி ஏற்படுத்திய கழகம் அது. இந்தியர்கள் தாங்களே ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. ஆராய்ச்சிக்கு ஆள் வராமலே அவர் 1904-ல் இறந்துபோனார். கருவிகள் தூசி படிந்து கிடந்தன.

ராமன் இறங்கிக் கதவைத் தட்டினார். சர்க்காரின் மகன் அமிர்தலால் அவரை இரு கையாலும் வரவேற்றார்.

அன்றிலிருந்து ராமனின் நாள் இப்படி நடந்தது. காலை ஐந்தரைக்குக் கழகம். ஒன்பதே முக்காலுக்கு வீடு. குளித்து, அவசரமாகச் சாப்பிட்டு, ஆபீஸ். மாலை ஐந்து மணிக்கு மறுபடி கழகம். வீடு திரும்ப இரவு பத்து மணி ஆகும். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அங்கேதான். பிறகு கழகத்தை ஒட்டிய வீட்டுக்கே குடிபோய், நடுவில் ஒரு கதவும் வைத்துக்கொண்டார்.

லோகசுந்தரி அம்மாள் அந்த நாட்களை எப்படிக் கழித்தார்? சரித்திரம் எழுதுகிறவர்கள் இதைக் கேட்பதில்லை. புது ஊர். புரியாத பாஷை. பத்து மணிக்கு வருகிற கணவர்.

ஓநாய்ச் சுரம்

விலை உயர்ந்த கருவிகள் கழகத்தில் இல்லை. அதனால் ராமன் பிடிலையும் வீணையையும் ஒற்றைத் தந்தி ஏக்தாராவையும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். துணைக்கு ஆசுதோஷ் தே என்ற உதவியாளர் இருந்தார்.

பிடிலின் தந்தி மெல்லியது. அது தனியாக அதிர்ந்தால் காற்றை அவ்வளவாக அசைக்காது. காதுக்கு எட்டாது. தந்தியின் அதிர்வு குதிரை வழியாக மரப்பலகைக்கு இறங்குகிறது. பலகை அகலமானது. அது அசைந்தால் நிறையக் காற்று அசையும். அதனால்தான் நாதம் பெரிதாகிறது. நாம் கேட்பது தந்தியை அல்ல, மரத்தை!

ஆனால் மரத்துக்கென்று ஒரு சுபாவம் உண்டு. எந்தப் பொருளுக்கும் உண்டு. ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அதற்கு இஷ்டமான வேகத்தில் தள்ளினால் சிறு குழந்தை தள்ளினாலும் உயரப் போகும். வேறு வேகத்தில் தள்ளினால் போகாது. பிடிலின் உடம்புக்கும் அப்படி இஷ்டமான சுரம் உண்டு. அந்தச் சுரம் வந்தால் மரம் துள்ளிக் குதிக்கும்.

அங்கேதான் வம்பு. பிடிலுக்குப் பெரிய அண்ணன் போன்ற வாத்தியம் செல்லோ. முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிப்பார்கள். அதில் ஒரு குறிப்பிட்ட சுரத்தைத் தொட்டால் நாதம் நிற்காது. திக்கித் திணறி ஊளையிடும். மேல்நாட்டார் இதற்கு ஓநாய்ச் சுரம் என்று பெயர் வைத்தார்கள். வாசிப்பவர்கள் முழங்காலால் பெட்டியை இறுக்கி ஓநாயை அடக்குவார்கள். காரணம் தெளிவாகவில்லை.

ராமன் தந்தியின் அசைவையும் பலகையின் அசைவையும் ஒரே நேரத்தில் போட்டோ எடுத்தார். இரண்டு கோடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். திருடன் அகப்பட்டான்!

நடந்தது இதுதான். வில் தந்திக்குச் சக்தி கொடுக்கிறது. தந்தி அதை மரத்துக்குக் கொடுக்கிறது. மரத்துக்கு இஷ்டமான சுரம் வந்ததும் மரம் பேராசையோடு வாங்குகிறது. வில் கொடுப்பதைவிட மரம் எடுப்பது அதிகமாகிறது. தந்தியால் அந்தச் சுரத்தில் நிற்க முடியவில்லை. மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது. உடனே மரம் அடங்குகிறது. மரம் அடங்கியதும் தந்தி பழைய சுரத்துக்குத் திரும்புகிறது. மரம் மறுபடி கிளம்புகிறது. இந்த இழுபறி மாறி மாறி வேகமாக நடக்கிறது. அதுதான் ஊளை. 1916-ல் ராமன் இதை வெளியிட்டார்.

குதிரையின்மேல் சிறு கனத்தை ஏற்றினால் என்ன ஆகும் என்றும் பார்த்தார். மரத்தின் இஷ்ட சுரம் கீழே இறங்கிற்று. ஓநாயும் கூடவே இடம் மாறிற்று. கனமான பொருள் மெதுவாக ஆடும் என்பது விஷயம்.

ராயகிரி அலமாரி

இப்போது அலமாரிக்கு வருவோம். ஒலிபெருக்கிக்குள் ஒரு காகிதக் கூம்பு இருக்கிறது. அது முன்னே பாய்ந்தால் பெட்டி பின்னே உதைபடும். துப்பாக்கி சுட்டால் தோளில் இடிப்பதுபோல. பெட்டி அதை அலமாரிக்குக் கொடுக்கிறது. அலமாரியின் பலகை அகலமானது, மெல்லியது, உள்ளே வெற்றிடம். அப்படியே பிடிலின் உடம்பு! அதற்கு இஷ்டமான சுரம் பாட்டில் வந்ததும் அதுவும் பாட ஆரம்பிக்கிறது. பிடிலுக்கு அது வரம். ஒலிபெருக்கிக்கு அது சாபம். பாடுவது வித்வானாக இருக்க வேண்டும், அலமாரியாக இருக்கக் கூடாது.

சோதிப்பது சுலபம். பாட்டு ஓடும்போதே இரண்டு பேர் பெட்டியை அலமாரியிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கிப் பிடிக்க வேண்டும். உறுமல் நின்றால், அதிர்வு பெட்டியின் அடி வழியாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். நிற்காவிட்டால் காற்று வழியாக வந்திருக்கிறது. அப்போது பெட்டிக்கு அடியில் எதை வைத்தாலும் பலன் இல்லை. டம்ளர்களைத்தான் எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

ராயகிரி வீட்டில் தூக்கிப் பார்த்தார்கள். உறுமல் நின்றுவிட்டது!

பிறகு பெட்டிகளை அலமாரியிலிருந்து இறக்கினார்கள். தரையில் கனமான முக்காலி. அதன்மேல் கடப்பாக்கல். கல்லுக்கும் பெட்டிக்கும் நடுவில் நாலு மூலையிலும் மெத்தென்ற ரப்பர்த் துண்டு. கல்லின் கனம் எளிதில் ஆடாது. ரப்பர் அதிர்வை மேலேயே நிறுத்தும்.

எந்த ரப்பரும் உதவும் என்று நினைக்கக் கூடாது. டயர் துண்டு போட்டால் கல்லின்மேல் வைத்ததற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இராது. பெட்டியின் பாரத்தில் ரப்பர் கொஞ்சம் அமுங்க வேண்டும். வில்லில் நிற்கும் பாரம் 1 மில்லிமீட்டர் அமுக்கினால் அது தானாக ஆடும் வேகம் வினாடிக்குச் சுமார் 16 தடவை. 4 மில்லிமீட்டர் அமுக்கினால் சுமார் 8 தடவை. அந்த வேகத்தைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கைத் தாண்டிய அதிர்வுகளைத்தான் அது தடுக்கும். அதற்குக் கீழே தடுக்காது. அதன் சொந்த வேகத்துக்குப் பக்கத்தில் வந்தாலோ, தடுப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும்! ஊஞ்சல் கதைதான். வீட்டு ஒலிபெருக்கியில் வரும் கனத்த ஒலிகள் வினாடிக்கு 40 தடவைக்கு மேல். ஆகவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் அமுங்கினால் போதும். அதற்காகப் பஞ்சு மெத்தையில் வைத்தால் பெட்டி சாய்ந்து விழும்.

கிராமபோன் தட்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தட்டும் ஒலிபெருக்கியும் ஒரே பலகையில் இருக்கக் கூடாது. பெட்டியின் அதிர்வு ஊசிக்குப் போகும். ஊசி அதைப் பாட்டு என்று நினைத்து மறுபடி பெட்டிக்கு அனுப்பும். சுற்றிச் சுற்றி வந்து கூச்சலாகிவிடும். ஓநாயின் தம்பி!

உத்தியோகமா, பிடிலா?

ராமனுக்குச் சோதனை 1917-ல் வந்தது. பத்து ஆண்டுகள் இரட்டை வாழ்க்கை நடத்திவிட்டார். நடுவில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல். போன இடத்தில் வீட்டிலேயே ஆராய்ச்சி. 1911-ல் மறுபடி கல்கத்தா. நிதித் துறையில் அவர் கெட்டிக்கார அதிகாரி. இன்னும் மேலே போயிருப்பார்.

கல்கத்தா பல்கலைக் கழகத்துக்கு ஆசுதோஷ் முகர்ஜி அவரைக் கூப்பிட்டார். பாலித் பௌதிகப் பேராசிரியர் பதவி காத்திருந்தது. ஆனால் சம்பளம்? வாங்கிக்கொண்டிருந்ததில் ஏறக்குறையப் பாதி!

இன்னொரு தடையும் இருந்தது. அந்தப் பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்காகச் சீமைக்குப் போய்வர ராமன் சம்மதிக்கவில்லை. முகர்ஜி நிபந்தனையைத் தளர்த்தினார். ராமன் உத்தியோகத்தை விட்டார். குடும்பஸ்தர்களுக்கு இதன் கனம் தெரியும். வீட்டு வரும்படியைப் பாதியாக்கிக்கொண்டு ஒருவர் தந்தியும் மரமும் தேடிப் போகிறார்! அப்போது நோபல் பரிசு கனவில்கூட இல்லை.

அடுத்த ஆண்டே பிடில் வகை வாத்தியங்களைப்பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். பிறகு ஓர் இயந்திரம் கட்டினார். மனிதன் கை ஒரு நேரம்போல் இன்னொரு நேரம் வில்லை அழுத்தாது. ஆகவே இயந்திரமே வாசிக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதில் வில் அசையாது. பிடில்தான் முன்னும் பின்னும் ஓடும்! ஒவ்வொரு சுரத்துக்கும் வில்லை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அளந்தார். ஓநாய்ச் சுரம் இருக்கும் இடத்தில் அழுத்தம் மிக அதிகமாகத் தேவைப்பட்டது. மரத்தின் பேராசை கணக்கில் வந்துவிட்டது.

நம் மிருதங்கம்

எனக்கு ராமனின் வேலைகளில் மிகவும் பிடித்தது மிருதங்க ஆராய்ச்சி. மேல்நாட்டு விஞ்ஞானிகள் தோல் வாத்தியங்களைத் தாழ்வாகவே நினைத்தார்கள். தந்தியை மீட்டினால் அடிச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுள்ள சுரங்களும் ஒழுங்காகக் கிளம்பும். அதனால் இனிமை. இழுத்துக் கட்டிய தோலை அடித்தால் அந்த ஒழுங்கு இராது. தாறுமாறாகக் கிளம்பும். அதனால் வெறும் சத்தம்.

மிருதங்கம் அப்படி இல்லையே! வலந்தலையைத் தட்டினால் சுருதி பேசுகிறதே! ராமனும் சிவகாளி குமார் என்பவரும் 1920-ல் இதற்கு விடை வெளியிட்டார்கள். வலந்தலையின் நடுவில் கறுப்பாக வட்டமாகப் பூசியிருக்கிறதல்லவா, அந்தக் கரணைதான் ரகசியம். நடுவில் கனம் ஏற்றியதால் தோலின் தாறுமாறான அதிர்வுகள் ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று மடங்குக் கணக்கில் வரிசையாக நிற்கின்றன. 1934-ல் ராமன் இதை இன்னும் விரிவாக எழுதினார்.

கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்க்கிற தொழிலாளிக்குச் சமன்பாடு தெரியாது. காது தெரியும். அந்தக் காது எவ்வளவு சரி என்று ராமன் காட்டினார். வீணை, தம்புராவின் குதிரை ஏன் வளைந்த முதுகோடு இருக்கிறது என்பதையும் 1921-ல் விளக்கினார். வீட்டில் ஒரு வீணை இருந்ததே!

கடலின் நீலம்

1921-ல் ராமன் கடைசியில் சீமைக்குப் போனார். பல்கலைக் கழகங்களின் மாநாட்டுக்காகப் போனார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் ஒரு வட்ட மாடம் உண்டு. சுவரோரம் மெல்லப் பேசினால் எதிர்ப்புறத்தில் கேட்கும். மற்றவர்கள் வியந்துவிட்டுப் போவார்கள். ராமன் அங்கேயும் சோதனை செய்து கட்டுரை எழுதினார்.

திரும்பும் வழியில், நார்கண்டா என்ற கப்பலில், மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். வானத்தின் நிழல்தான் கடலின் நீலம் என்று முன்பு ராலே பிரபு எழுதியிருந்தார். ராமனுக்குச் சந்தேகம் வந்தது. பையில் இருந்த சிறு கருவியால் மேல்தளத்திலேயே சோதித்தார். நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று கண்டார். அன்றுமுதல் ஒலியைவிட ஒளி அவரை இழுத்தது.

அடுத்த கதை ஊரறிந்தது. 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு. உடன் உழைத்தவர் கே.எஸ். கிருஷ்ணன். அவர் பிறந்த வத்திராயிருப்பு, ராயகிரிக்கு வடக்கே அதே மலையடிவாரத்தில் இருக்கிறது. ஒளி ஒரு பொருளில் படும்போது அதன் மூலக்கூறுகள் அதிர்கின்றன. அந்த அதிர்வு ஒளியிலிருந்து கொஞ்சம் சக்தியை எடுத்துக்கொள்கிறது, அல்லது கொடுக்கிறது. சிதறும் ஒளியின் நிறம் சற்றே மாறுகிறது. தந்தியிடமிருந்து மரம் எடுத்துக்கொண்ட கணக்கை நடுநிசி வரை பார்த்தவருக்கு இந்தக் கணக்கு முற்றிலும் புதியதாக இருந்திருக்குமா?

1930-ல் நோபல் பரிசு. அறிவிப்பு வருவதற்குப் பல மாதம் முன்பே, ஜூலையிலேயே, தமக்கும் மனைவிக்கும் கப்பல் டிக்கெட் வாங்கி வைத்துவிட்டார் ராமன்! அவ்வளவு நம்பிக்கை. கர்வம் என்று சொன்னவர்களும் உண்டு. அவர் கோபக்காரர் என்பதும், பலரோடு மோதினார் என்பதும் உண்மையே.

1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டரானார். 1948-ல் அங்கேயே தம் பெயரில் ஆராய்ச்சி நிலையம் கண்டார். 1954-ல் பாரத ரத்னா. வைரம், வண்ணத்துப்பூச்சி, பூக்களின் நிறம் என்று கடைசி வரை ஏதாவது ஒன்றைத் துருவிக்கொண்டே இருந்தார்.

1970 நவம்பர் 21-ந் தேதி அதிகாலையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 82. சடங்கு வேண்டாம், தோட்டத்திலேயே தகனம் செய்யுங்கள் என்று சொல்லி வைத்திருந்தார். அப்படியே செய்தார்கள். அந்த இடத்தில் கல்லோ கட்டடமோ எழுப்பவில்லை. ஒரு மரம் நட்டார்கள்.